லேத்துக்கு ஒரு டை ஹோல்டர்: வீட்டுப் பட்டறையில் நாமே கடைந்துகொள்ளலாம்

கம்பியை வைஸில் நிறுத்திக் கட்டி, டை (கம்பியில் மரை வெட்டும் வட்ட வில்லை) மாட்டிய டை ஸ்டாக் என்ற கைப்பிடியை இரு கையாலும் சுற்றி மரை போட்டிருப்பீர்கள். மரை விழும், நட்டும் ஏறும். நட்டைக் கடைசி வரை ஏற்றிப் பக்கவாட்டில் பார்த்தால்தான் அது லேசாகச் சாய்ந்து நிற்பது தெரியும். தொடக்கத்தில் டை கம்பிக்குச் செங்குத்தாக உட்காராமல் கொஞ்சம் சாய்ந்துவிட்டால், மரை ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் வெட்டுப்படும். முதல் இரண்டு மூன்று சுற்றில் விழுந்த கோணல் அதற்கப்புறம் நிமிராது, ஏனென்றால் டை தான் வெட்டிய மரையையே பிடித்துக்கொண்டு முன்னேறுகிறது.

லேத் வைத்திருப்பவருக்கு இதற்கு நல்ல வழி இருக்கிறது. டெயில்ஸ்டாக்கில், அதாவது லேத்தின் வலது முனையில் நகர்த்திப் பூட்டும் தலையில், ஒரு தண்டு. அந்தத் தண்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு பாடி. பாடியின் முகத்தில் டை உட்காரும் குழி. இவ்வளவுதான் டை ஹோல்டர். கடைகளில் கிடைக்கிறது, ஆனாலும் 7x12, 7x14 அங்குல அளவு மாதிரி மினி லேத் புதிதாக வாங்கிய எவருக்கும் நான் முதல் வேலையாகச் சொல்வது இதைத்தான். ஃபேஸிங் (முகத்தைத் தட்டையாக்குவது), டர்னிங் (வெளிப்பக்கம் கடைவது), டிரில்லிங் (துளையிடுவது), ரீமிங் (துளையைச் சரியான அளவுக்கு முடிப்பது), போரிங் (துளையை உள்ளே கடைந்து பெரிதாக்குவது), டேப்பிங் (துளைக்குள் மரை போடுவது) எல்லாம் ஒரே ஜாப்பில் (வேலைத்துண்டில்) வந்துவிடும். பெரும்பாலான அளவுகள் அரை மி.மீ. கூடக்குறைய இருந்தாலும் கெடுதல் இல்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. டை உட்காரும் குழியும், தண்டு ஓடும் துளையும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். அதற்கு அவை இரண்டையும் ஜாப்பைக் கழற்றாமல், ஒரே செட்டிங்கில் வெட்ட வேண்டும். ஜாப்பைக் கவ்விச் சுழற்றும் மூன்று தாடைச் சக்கில் ஜாப்பைக் கழற்றித் திருப்பி மாட்டினால் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை அவுட் (மைய விலகல்) வருவது சாதாரணம். ஒரே செட்டிங்கில் வெட்டியதற்கு அந்த அவுட் ஒட்டாது. கீழே வரும் வேலை வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இப்படி அமைந்திருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது

மரை போட வேண்டிய கம்பி ஹெட்ஸ்டாக்கில், அதாவது சக் உள்ள இடது முனையில், நிற்கிறது. தண்டு டெயில்ஸ்டாக்கின் டிரில் சக்கில் அசையாமல் நிற்கிறது. பாடி அதன் மேல் சுற்றவும் செய்யும், முன்னும் பின்னும் நகரவும் செய்யும். டை மரையை வெட்ட வெட்டப் பாடி தானாக ஹெட்ஸ்டாக் பக்கம் இழுபடும். தண்டின் வேலை நேர்கோட்டில் வழி காட்டுவது மட்டுமே. முறுக்கு விசை எதுவும் அதன் மேல் விழாது. அதனால்தான் தண்டை டிரில் சக்கில் பிடித்தாலே போதும் என்கிறேன். டெயில்ஸ்டாக்கின் கூம்புத் துளையில் நேரடியாகப் பொருந்தும் மோர்ஸ் டேப்பர் தண்டாகச் செய்தால் இன்னும் விறைப்பாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் டேப்பர் கடைவது தனி வித்தை. முதல் ஹோல்டருக்கு அது தேவையில்லை.

இன்னொரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: நீளமாக மரை போட்டால் கம்பி உள்ளே போய்த் தண்டில் இடிக்காதா? இடிக்காது. கம்பியின் முனை சக்கில் நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. தண்டின் முனையும் டெயில்ஸ்டாக்கில் நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. நகர்வது பாடி மட்டும். ஆகவே இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறாது. மாறுவது தண்டு பாடிக்குள் எவ்வளவு நீளம் நுழைந்திருக்கிறது என்பதுதான். 45 மி.மீ. நுழைந்திருக்கும்போது தொடங்கி 20 மி.மீ. மரை போட்டால் 25 மி.மீ. மிச்சம் இருக்கும். 12 மி.மீ. தண்டுக்கு அது தாராளம்.

முதலில் டையை அளந்துகொள்ளுங்கள்

எந்தப் படத்தையும் பார்த்து அளவு எடுக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் டையை வெர்னியரில் அளந்து அதற்குத்தான் குழி போட வேண்டும். மெட்ரிக் தர அளவில் வரும் எம்8 (8 மி.மீ. மரை) வட்ட டை 25 மி.மீ. விட்டம், 9 மி.மீ. தடிப்பு, எம்3 முதல் எம்6 வரை 20 மி.மீ. விட்டம். ஆனால் நம் ஊர் டூல்ஸ் கடைகளில் அங்குல அளவு டைகளும் நிறைய புழங்குகின்றன. 1 அங்குலம் என்றால் 25.4. அந்த 0.4 மி.மீ.தான் ஹோல்டரைப் பயனுள்ளதாகவோ பயனற்றதாகவோ ஆக்கும். விட்டத்தை மூன்று இடத்தில் அளந்து, அதிகமானதைக் குறித்து வையுங்கள். டையின் ஓரத்தில் பிளவு இருக்கிறதா, திருகு உட்காரச் சிறு பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே 25 மி.மீ. டைக்கான கணக்கைச் சொல்கிறேன். உங்கள் டைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சரக்கு

பாடிக்கு 40 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ரவுண்டு ராடில் 70 மி.மீ. நீளம் வேண்டும். கடையில் எடைக்குத்தான் தருவார்கள். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 40 மி.மீ. ராடு மீட்டருக்குச் சுமார் 9.9 கிலோ, நம் துண்டு முக்கால் கிலோகூட வராது. கடைக்காரரிடமே வெட்டி வாங்கிவிடுங்கள். மினி லேத்தில் 40 மி.மீ. ராடைப் பார்ட்டிங் டூலால் வெட்டிப் பிரிக்க முயல வேண்டாம். டூல் கவ்விக்கொண்டு முனை உடையும், ஜாப்பும் சக்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

பழைய இரும்புக் கடைத் துண்டு என்றால் ஓர் அரத்தைக் கொண்டுபோய் ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். அரம் கடித்தால் வாங்கலாம். வழுக்கினால் அது கடினமேற்றிய ஆக்சிலோ ஷாஃப்ட்டோ, தொட வேண்டாம். கட்டுமான முறுக்குக் கம்பியும் இதற்கு ஆகாது. தண்டுக்கு 12 மி.மீ. பிரைட் பார் (வழவழப்பாக முடித்து வரும் கம்பி) 120 மி.மீ. நீளம் போதும். பிரைட் பார் அளவாக வருவதால் வெளிப்பக்கம் கடையவே வேண்டாம்.

இவை தவிர 5 மி.மீ. அல்லது 6 மி.மீ. பைலட் டிரில், 11 மற்றும் 11.8 மி.மீ. டிரில், 12 மி.மீ. ரீமர், 8 மி.மீ. தடிப்புள்ள சிறிய போரிங் பார், 4.2 மி.மீ. டிரில்லோடு எம்5 டேப், எம்5 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) மூன்று. ரீமர் இல்லையென்றால் 12 மி.மீ. டிரில்லாலேயே முடிக்கலாம். கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எம்6க்கு மேல் அதனால் பெரிய பாதகம் வராது.

லேத்தை ஓட்டுவதற்கு முன்

முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்கு மேல் மடித்துவிடுங்கள். வேட்டி, கைலி கட்டிக்கொண்டு லேத் முன்னால் நிற்கவே கூடாது. மோதிரம், வாட்ச், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். சுழலும் சக் கயிற்றைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். கையுறை போடவே கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சக் கீ கையை விட்டு விலகும்போது அது மேசையில்தான் இருக்க வேண்டும், சக்கில் அல்ல.

டூல் முனை மைய உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: டூல் முனைக்கும் ராடுக்கும் நடுவில் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதியை) மெதுவாக நகர்த்தி லேசாக அழுத்திப் பிடியுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் உயரம் சரி. ஸ்கேலின் மேல்விளிம்பு உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. சரியாக நிற்கும் வரை டூலுக்கு அடியில் தகடு வையுங்கள் அல்லது எடுங்கள்.

வேகத்துக்கு ஒரே சூத்திரம்: வெட்டு வேகத்தை 320 ஆல் பெருக்கி விட்டத்தால் வகுக்க வேண்டும். எம்.எஸ்.ஸுக்கு ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் என்றால் நிமிடத்துக்கு 25 மீட்டர். 40 மி.மீ. ராடுக்கு 200 ஆர்.பி.எம். வரும். கார்பைடு என்றால் இதைப்போல மூன்று நான்கு மடங்கு ஓட்டலாம்.

பின்பக்கம் முதலில்

கறுப்பு ராடின் மேல்தோல் உருண்டையாக இருப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நுணுக்க வேலை செய்தால் ஜாப் நழுவும். அதனால் முதலில் ராடை எப்படி வருகிறதோ அப்படிக் கட்டி, ஒரு முனையை ஃபேஸிங் அடித்து, 18 மி.மீ. நீளத்துக்கு 39 மி.மீ. விட்டம் வரும்படி கடைந்து, ஓரத்தில் 1 மி.மீ. சேம்பர் (சாய்வு விளிம்பு) அடித்துவிடுங்கள். இதுதான் பாடியின் பின்முனை. இந்தப் பக்கத்தின் வேலை அத்துடன் தீர்ந்தது.

இப்போது ஜாப்பைத் திருப்பி, சுத்தமாகக் கடைந்த அந்த 18 மி.மீ.யைச் சக்கின் தாடைகளுக்குள் நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். இதுதான் பிரதான செட்டிங். குழி வெட்டி முடிக்கும் வரை சக் கீயைத் தொடவே கூடாது.

பிரதான செட்டிங்

முன்முகத்தை ஃபேஸிங் அடித்து, சென்டர் டிரில் போடுங்கள். லைவ் சென்டரை (டெயில்ஸ்டாக்கில் மாட்டும், ஜாப்போடு சுழலும் கூர்முனையை) முட்டுக்கொடுத்து வெளிப்பக்கத்தை 39 மி.மீ.க்கு இறக்குங்கள். கைப்பிடிக்கு நர்லிங் (வழுக்காதபடி சொரசொரப்பாக்குவது) வேண்டுமென்றால் அதை இப்போதே போட்டுவிட வேண்டும். நர்லிங் ஜாப்பைப் பலமாக அழுத்தும் வேலை. ஜாப் தாடைக்குள் கொஞ்சம் நகர்ந்தாலும் நகரும். துளை போடுவதற்கு முன் நகர்ந்தால் பரவாயில்லை. குழி போட்ட பிறகு நகர்ந்தால் அதற்குப்பின் வெட்டுவது எதுவும் குழியோடு ஒரே மையத்தில் வராது. மினி லேத்துக்கு இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் நர்லிங் டூல்தான் ஏற்றது. ஒரு பக்கமாக அழுத்தும் வகை ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் அச்சு) பேரிங்கை வருத்தும். முன்பக்கம் 20 மி.மீ.யை வழவழப்பாகவே விட்டுவிடுங்கள். திருகுகளும் ஜன்னல்களும் அங்கேதான் வரும்.

இனி துளை. பைலட் டிரில்லால் முழு நீளமும் போட்டு, பிறகு 11 மி.மீ. டிரில். பத்து மி.மீ.க்கு ஒரு முறை டிரில்லை முழுவதும் வெளியே இழுத்துச் சீவலைத் தட்டிவிட்டு, எண்ணெய் விட்டு மறுபடி உள்ளே விடுங்கள். மினி லேத்தின் டெயில்ஸ்டாக் ஓட்டம் 70 மி.மீ.க்குப் போதாது. டெயில்ஸ்டாக்கைத் தளர்த்தி முன்னால் தள்ளிப் பூட்டிக்கொண்டு தொடரலாம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. டிரில் போட்ட துளை நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. டிரில் வளைந்து கொடுக்கும் பொருள். எளிதாக வெட்டுப்படும் பக்கமாக ஒதுங்கும். ரீமர் அந்தக் கோணலைத் திருத்தாது, அதே வழியில்தான் போகும். போரிங் டூல் மட்டும்தான் ஸ்பிண்டிலின் மையத்தையே பின்பற்றும். ஆகவே 11 மி.மீ. துளையின் வாயில் முதல் 15 மி.மீ. நீளத்தை மட்டும் போரிங் பாரால் 11.8 ஆக்குங்கள். இப்போது 11.8 டிரில்லை விட்டால், சரியான மையத்தில் உள்ள அந்தச் சிறு குழாய் அதை நேராக வழிநடத்தும். அதன் பின்னால் ரீமர் போகட்டும். ரீமருக்கு வேகம் 150 முதல் 200 ஆர்.பி.எம்., நிறைய எண்ணெய், நிற்காத சீரான தள்ளல். வெளியே எடுக்கும்போதும் ஸ்பிண்டில் அதே திசையில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் ரீமரின் வாய் மழுங்கும்.

அடுத்தது சீவல் அறை. டை வெட்டும் சீவலில் ஒரு பங்கு பின்பக்கமாகத்தான் வரும். அது போக இடம் இல்லையென்றால் அடைத்துக்கொண்டு மரையைக் கிழிக்கும். முகத்திலிருந்து 19 மி.மீ. ஆழம் வரை 18 மி.மீ. விட்டத்துக்குப் போர் செய்யுங்கள்.

கடைசியாக டை குழி. 24.5 வரை தைரியமாகப் போங்கள், ஆழம் 9 மி.மீ. அங்கிருந்து விட்டத்தில் 0.1 மி.மீ. வீதம் மட்டும் எடுங்கள். உங்கள் கிராஸ் ஸ்லைடு டயல் ஒரு கோட்டுக்கு விட்டத்தில் எவ்வளவு எடுக்கிறது, ஆரத்தில் எவ்வளவு எடுக்கிறது என்பதை முன்பே ஒரு துண்டில் வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். போரிங் பார் மெல்லியது, வெட்டும்போது வளைந்து ஒதுங்கும். அதே அளவில் டயலைத் தொடாமல் இன்னொரு முறை ஓட்டினால் மீண்டும் மெல்லிய தூளாக எடுக்கும். 24.9 வந்ததும் ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படி ஒரு வெறும் ஓட்டம் கொடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

கடைசி அளவை வெர்னியரை நம்பி முடிக்காதீர்கள், டையே சரியான கேஜ். லேத்தை நிறுத்தி, குழியைத் துடைத்து, டையை விரலால் தள்ளிப் பாருங்கள். விளிம்பில் நின்றால் இன்னும் வேண்டும். விரலுக்கு வழிவிட்டு உள்ளே போய் அடியில் தட்டென்று உட்கார்ந்து, ஆட்டினால் ஆடாமல் இருந்தால் போதும். டையை விட 0.05 முதல் 0.1 மி.மீ. கூடுதலாக இருக்கும் நிலை அது. பிளவு டை கொஞ்சம் விரிந்து கொடுக்கவும் இந்த இடம் வேண்டும். குழியின் அடித்தளம் தட்டையாக இருப்பதும் முக்கியம். டையைச் செங்குத்தாக நிறுத்துவது அந்தத் தளம்தான். அதனால் கடைசி ஓட்டத்தில் டூலை அடித்தளத்தில் வெளியிலிருந்து உள்நோக்கி ஒருமுறை இழுத்துவிடுங்கள். வாயில் சிறு சேம்பர் அடித்ததும் ஜாப்பைச் சக்கிலிருந்து கழற்றலாம்.

திருகுகள், ஜன்னல்கள், பிடி துளைகள்

திருகுகள் வரும் கோணத்தைக் கணக்குப் போட வேண்டியதில்லை. டையைக் குழியில் வைத்து, அதன் பிளவுக்கும் பள்ளங்களுக்கும் நேராகப் பாடியின் முகத்தில் கோடு கிழித்து, அந்தக் கோட்டை வெளிப்பக்கத்துக்கு இறக்குங்கள். முகத்திலிருந்து 4.5 மி.மீ. உள்ளே பஞ்ச் அடித்து, வி-பிளாக்கில் (உருளையைத் தாங்கும் வி வடிவப் பள்ளக் கட்டையில்) வைத்து 4.2 டிரில், பிறகு எம்5 டேப். பிளவுக்கு நேராக வருவது கூர்முனை கிரப் ஸ்க்ரூவாக இருக்கட்டும். அதை இறுக்கினால் டை விரியும். பக்கத்துத் திருகுகளை இறுக்கினால் சுருங்கும். பிளவு இல்லாத டை என்றால் பள்ளத்துக்கு இரண்டு திருகு போதும்.

முகத்திலிருந்து 14 மி.மீ. தள்ளி எதிரெதிராக இரண்டு 8 மி.மீ. துளைகள் சீவல் அறைக்குள் திறக்கட்டும். இவைதான் ஜன்னல்கள், சீவல் விழவும், எண்ணெய் விடவும், மரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும். 40 மி.மீ. தள்ளிச் சுற்றிலும் நான்கு இடத்தில் 8.2 மி.மீ. துளைகளை 10 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் போடுங்கள். 8 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைச் செருகித் திருப்பும் பிடி துளைகள் இவை. நடுத் துளைக்குள் உடைத்துக்கொண்டு போய்விட்டால் அங்கே எழும் பிசிறு தண்டைக் கீறும். நிலையாகக் கைப்பிடி மாட்டாமல் செருகி எடுக்கும்படி வைப்பதற்குக் காரணம், மினி லேத்தில் ஸ்பிண்டில் மையம் பெட்டிலிருந்து (லேத்தின் அடித்தளத்திலிருந்து) சுமார் 90 மி.மீ. உயரம்தான். நீளமான நிலைப்பிடி பெட்டில் இடிக்கும்.

தண்டுக்கு இரண்டு முனையும் ஃபேஸிங், 1 மி.மீ. சேம்பர், 400ஆம் நம்பர் எமரி தாளால் ஒரு மெருகு. எமரி தாளை விரலில் சுற்றிக்கொண்டு பிடிக்கவே கூடாது. இரு முனையையும் தளர்வாகப் பிடியுங்கள். எமரித் தூள் விழாமல் பெட்டைத் துணியால் மூடி, முடித்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். பாடிக்குள் பிசிறு எல்லாம் எடுத்த பிறகு, தண்டைச் செங்குத்தாகப் பிடித்து மேலே பாடியை விட்டால் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும்.

முதல் மரை

முதலில் டெயில்ஸ்டாக் மையம் சரியா என்று பாருங்கள். ஹெட்ஸ்டாக்கில் ஒரு சென்டர், டெயில்ஸ்டாக்கில் ஒரு சென்டர் மாட்டி, இரண்டு முனைக்கும் நடுவில் பிளேடு ஒன்றை மெல்லக் கவ்வ விடுங்கள். பிளேடு செங்குத்தாகவும் குறுக்காகவும் நேராக நின்றால் மையம் சரி. சாய்ந்தால் டெயில்ஸ்டாக்கின் பக்கத் திருகுகளைத் திருத்த வேண்டும்.

எம்8 மரை போட வேண்டிய கம்பியை 7.9 மி.மீ.க்குக் கடைந்து, முனையில் 45 டிகிரி சேம்பரை 6.4 மி.மீ. வரை இறக்குங்கள். டையில் எழுத்து உள்ள முகம்தான் பெரும்பாலும் தொடங்கும் முகம், அது கம்பியைப் பார்க்கட்டும். பிளவுக்கு நேரான நடுத்திருகை இறுக்கி டையைக் கொஞ்சம் விரித்து வையுங்கள்.

இப்போது லேத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிடி கம்பி செருகியிருக்கும்போது மோட்டார் ஓடவே கூடாது. அது கையை உடைக்கும். சக்கின் தாடைக்கும் பெட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தால் சக் சுற்றாது. தண்டைப் பாடிக்குள் சீவல் அறையின் வாய் வரை தள்ளி, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி டை கம்பியைத் தொடும்படி பூட்டுங்கள். இடது கையால் பாடியின் பின்முகத்தை முன்னோக்கி அழுத்தியபடி வலது கையால் திருப்புங்கள். டை கடித்துக்கொண்டதும் அழுத்தம் வேண்டாம், அதுவே இழுத்துக்கொள்ளும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். சீவல் முறிந்து விழும் சத்தம் விரலிலேயே தெரியும். எம்8இன் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 1.25 மி.மீ. என்பதால் பத்துச் சுற்றில் 12.5 மி.மீ. மரை வந்துவிடும். ஜன்னல் வழியாக இடையிடையே எண்ணெய் விடுங்கள்.

நட்டைப் போட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நடுத்திருகைத் தளர்த்தி, பக்கத் திருகுகளை ஒரு கால் திருப்பு இறுக்கி மீண்டும் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்திலேயே முழு ஆழமும் எடுக்காமல் இப்படி இரண்டு ஓட்டமாகப் போவதால்தான் மரையின் பக்கங்கள் கிழியாமல் பளபளப்பாக வருகின்றன. தோள் வரை (கம்பி தடிக்கும் இடம் வரை) மரை வேண்டுமென்றால், டையைத் திருப்பிப் போட்டுக் கடைசியாக ஒரு முறை ஓட்டுங்கள். டையின் தொடக்கப் பக்கத்தில் இரண்டு மூன்று மரை சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். மறுபக்கம் அந்தச் சரிவு குறைவு.

20 மி.மீ. டைகளுக்கு இதே பாடிக்குள் போடும் ஒரு புஷ் (வளையம்) செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புஷ்ஷுக்கும் குழிக்கும் நடுவில் ஒரு தளர்ச்சி, டைக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இன்னொரு தளர்ச்சி, திருகுகள் இரண்டையும் கடந்து போக வேண்டிய தொல்லை. 32 மி.மீ. ராடில் இரண்டாவது பாடி ஒன்றைக் கடைந்துவிடுங்கள். துளை அதே 12 மி.மீ., தண்டும் அதே தண்டு, வேலை வரிசையும் இதேதான். டை விட்டம், தடிப்பு, சீவல் அறை ஆகிய மூன்றை மட்டும் மாற்றினால் எம்3 முதல் எம்6 வரை அதிலேயே முடிந்துவிடும். அந்தச் சிறிய மரைகளுக்குப் பிடி கம்பிகூட வேண்டாம், நர்லிங் போட்ட பாடியைக் கையால் பிடித்தே திருப்பலாம்.